தின்னர் போட்டுத் துடைத்த சிடி

என் மேல்தான் தப்பு என்று சொல்லி முடித்துவிடலாம். மனசு வரமாட்டேன் என்கிறது.

அக்காவும் நானும் ஒரே ராக் ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். அதன் கடைசிப் பாட்டில் பாடகர் கத்திக்கொண்டே இருப்பார், குரல் மெல்லத் தேய்ந்து போய்விடும். "அப்புறம் இன்னா ஆவறான்டா அந்தாளு?" என்பாள் அக்கா. பிள்ளைப்பாக்கம் வீடு அதிர, மீதியை நாங்களே கத்தி முடிப்போம். இப்போது அந்த ஆல்பம் கூடுதலாக ஒரு சிடியோடு மறுபடி வந்தது. அதில் அந்தப் பாட்டு தேயாமல், முழுசாக இருந்தது. வேறெங்கும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா நர்ஸ் வேலைக்கு வெளிநாடு கிளம்புகிறாள். அதற்குள் சேர்ந்து கேட்டுவிட வேண்டும்.

எங்கள் தெருவைக் கூரியர்காரன் என்றைக்குக் கண்டுபிடித்தான்? அதனால் சிடியை ஆர்டர் செய்தபோது, ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கார் கம்பெனி முகவரியைக் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் பேருக்குக் கீழே 'இன்கமிங் குவாலிட்டி' என்றும் எழுதித் தொலைத்தேன். வெளியிலிருந்து வரும் பாகங்களைச் சோதிக்கும் எங்கள் பிரிவு அது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி, அதை ஏதோ சாம்பிள் என்று நினைத்து ஆய்வு மேசைக்கு அனுப்பிவிட்டார். சனிக்கிழமை ஷிப்டுக்குப் போய்ப் பார்த்தால், அந்தக் கூடுதல் சிடியின் பளபளக்கும் பக்கத்தில், ஓரமாக, பச்சைப் பெயிண்ட் புள்ளி. சோதித்தாயிற்று என்று அர்த்தம். சிடி நடுவிலிருந்து ஓரத்துக்குப் பாடிக்கொண்டு போகும்; கடைசிப் பாட்டு இருப்பதும் அந்த ஓரத்தில்தான்.

"ஐயோ, பாட்டு சிடிம்மா இது! கண்ணு எங்க போச்சு?"

"காரோட சேர்த்துக் குடுக்கற சிடின்னு நெனச்சேன் சார். பார்த்தா புள்ளி வைக்கணும்னு நீங்கதான எழுதி ஒட்டி வெச்சிருக்கீங்க?" என்றார் ஆய்வு செய்த பெண். அவர் சொன்னது சரிதான். அதனாலேயே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

ஆத்திரத்தில் பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தேன். இரும்புக்கெல்லாம் அதுதான் செய்வோம். பெயிண்ட் போனது. கூடவே சிடியின் அந்த ஓரமும் பால் ஊற்றினாற்போல் மங்கிப்போனது. சும்மா விட்டிருந்தால்கூடப் பாடியிருக்குமோ என்னவோ!

ஞாயிறு காலை, வாசலில் டாக்ஸி. பாட்டைப் போட்டேன். வழக்கமாகத் தேயும் இடம் வந்தது. குரல் தேயவில்லை. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஒரு மூச்சு தாண்டியிருக்கும், கர்ரென்று இழுத்து நின்றுவிட்டது.

"போவட்டும் வுட்றா. வா, மீதிய நாமளே கத்தலாம்" என்றாள் அக்கா.

"கொஞ்சம் சும்மா இரு, அக்கா!" என்று எரிந்து விழுந்தேன். சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து மறுபடியும் போட்டேன். டிரைவர் ஹார்ன் அடித்தார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள். அப்போதும் நான் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.