அன்று கம்பி அறுந்திருக்கவில்லை

சில வருஷங்களுக்கு முன், கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டெலிபோன் கம்பி பார்க்கும் வேலையில் இருந்தேன். மேல் டிவிசனில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கெல்லாம் தள்ளி, காட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் நானும் ஒரு டெலிபோன் பெட்டியும்தான். மரக்கொப்பு விழுந்து கம்பி அறுவது பெரும்பாலும் அங்கேதான் என்பதால் என்னை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

கீழே, தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதும் கிளாக்கரிடமிருந்து தினமும் காலையில் டெலிபோன் மணி வரும். நான் கைப்பிடியைச் சுற்றிப் பதில் மணி அடித்தால் கம்பி நல்லபடி இருக்கிறது என்று அர்த்தம். பேசக்கூடாது. தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவும் அதே கம்பியில்தான். வீண் பேச்சு காதில் விழுந்தால் தோலை உரித்துவிடுவார். சில நாள் அந்த மணியைத் தவிர வேறு மனிதச் சத்தமே எனக்குக் கிடையாது. சிரிக்காதீர்கள், அதற்காக முகம் கழுவித் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் கடும் காய்ச்சல் கண்டது. காலையில் மணி அடித்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. திரும்பத் திரும்ப அடித்துவிட்டு நின்றுபோனது. அப்போதுதான் பயம் பிடித்தது. பதில் வராவிட்டால் கீழே என்ன நினைப்பார்கள்? கம்பி அறுந்துவிட்டது, கம்பிக்காரன் கட்டப் போயிருப்பான் என்றுதானே? அந்தக் கம்பிக்காரனே நான்தான்! என்னைத் தேட யாருக்குத் தோன்றும்? இங்கேயே செத்துக் கிடப்பேன் என்று நினைத்து அழுதேன்.

பொழுது சாய்கிற நேரம் யாரோ கதவைத் தள்ளினார்கள். கையில் குடை, வேட்டியெல்லாம் சேறு, காலெல்லாம் அட்டைக் கடி. முன்பின் பார்த்திராத ஆள்.

"நீங்க யாருங்க?" என்றேன்.

"காலமை மணியடிக்கிற கிளாக்கர் நான்தான்," என்றார் யாழ்ப்பாணப் பேச்சில். "கம்பி அறுந்தால் கைப்பிடி லேசாச் சுத்தும். இண்டைக்குப் பாரமாத்தான் சுத்திச்சுது. அப்ப கம்பி இருக்கு, ஆளுக்குத்தான் ஏதோ எண்டு வந்தன்."

கம்பிக்காரன் பார்த்துக்கொள்வான் என்று பெரிய கிளாக்கர் சொல்லியும் கேட்காமல், வேலை முடிந்ததும் மலையேறி வந்திருக்கிறார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர், பேசக்கூடாத அந்தக் கம்பியில், துரை கேட்கக் கேட்க, என்னைத் தூக்கிப்போக ஆள் அனுப்பச் சொல்லிச் சத்தம் போட்டார்.

நான் பிழைத்தேன். அவர் அந்த வருஷமே வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார். பிறகு பார்க்கவே இல்லை.

இப்போது ஸ்டோரில் காலை மணி அடிப்பவன் நான். மேலே கொட்டகையில் வேறொருவன் தனியாக இருக்கிறான். அவனிடமிருந்து பதில் வராத நாளில் கைப்பிடியை இன்னொரு முறை சுற்றிப் பார்க்கிறேன். பாரமாக இருந்தால், யார் என்ன சொன்னாலும், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.