வெள்ளிக்கிழமை இரவல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நூலகவியல் படித்துக்கொண்டிருந்த என்னைச் செய்முறைப் பயிற்சிக்கென்று கல்முனைப் பக்கத்து நூலகமொன்றில் போட்டார்கள். அங்கிருந்த நூலகர் புதுப் புத்தகங்களை அலுமாரிக்குள் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகியிருந்தார். இரவல் கொடுத்தால் ஊத்தையாகிவிடுமாம்.

மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் மனுசனுக்கு வேர்த்துவிட்டது. திகதி முத்திரையை என் கையில் தந்தார்.

"தம்பி, எல்லாப் புத்தகத்திலயும் இரவல் குடுத்த திகதியெண்டு அஞ்சாறு குத்திவிடுங்க."

ஒருவரும் தொடாத புத்தகங்களில் இரண்டு நாள் குத்தினேன். வெறுப்பில், கலண்டரைப் பார்த்துப் பார்த்து, வெள்ளிக்கிழமைத் திகதிகளையே குத்தினேன். ஜும்ஆத் தொழுகை நாளென்று அந்த நூலகம் வெள்ளியில் திறப்பதேயில்லை.

அதிகாரியும் ஊர்க்காரர்தான். கலண்டர் அவர் மூக்குக்கு நேரே தொங்கியது. பத்துப் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "மாஷா அல்லாஹ், சனம் நல்லா வாசிக்குது" என்றார். நூலகர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

பயிற்சி முடிந்ததும் 'செய்முறையில் மிகத் திறமை' என்று எனக்கொரு சான்றிதழ் எழுதித் தந்தார். அதன் கீழே அதே முத்திரையைக் குத்தியிருந்தார். நான் கடைசியாக வைத்த வெள்ளிக்கிழமையைக்கூட மாற்றவில்லை.