பெட்ரோல் இருந்தும் நின்றுபோன வண்டி

பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. டேங்க் நிறையப் பெட்ரோலை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்கிற சனியனை என்ன செய்வது? எட்டி உதைக்கலாம். நான் உதைத்தேன். சைலன்சர் சுட்டுக் காலில் கொப்புளம் போட்டதுதான் மிச்சம்.

பழைய நூறு சி.சி. வண்டி அது. பர்மனன்ட் தொழிலாளி ஒருவர் ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போனார். வளையமாதேவிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வேலைக்குப் போக எனக்கு அதை விட்டால் வேறு வழி இல்லை. கான்ட்ராக்ட் ஆளுக்காகக் கம்பெனி பஸ் எங்கள் ஊருக்கு வராது. சேத்தியாத்தோப்பிலிருந்து வரும் பஸ்ஸை நம்பினால் முதல் ஷிப்ட் ஆட்கள் உள்ளே போன பிறகுதான் நான் கேட்டில் இறங்குவேன்.

அனல் மின் நிலையத்தில் என்னுடையது சாம்பல் வேலை. பாய்லருக்கு அடியில் கொட்டும் சாம்பலை வாருவது, அடைத்துக்கொண்ட குழாய்களைத் தட்டி விடுவது. அதைக் கேவலமான வேலை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். நானே தினமும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் போவேன், அது வேறு. நாங்கள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த வயல்களெல்லாம் சுரங்கத்துக்குப் போன பிறகு வீட்டில் உலை கொதித்தது இந்த வேலையால்தான்.

புதுக் கான்ட்ராக்ட்காரர் வந்தார். அவருடைய சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாருங்கப்பா, லேட்டா வந்தா ரெண்டு தடவை பொறுத்துக்குவேன். மூணாவது தடவை கேட் பாஸைக் கழட்டிக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருக்கணும். வெளிய ஆளுக்கா பஞ்சம்?"

மனுஷன் மதுரைப் பக்கம். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்டுக்கு வெளியே வேலை கேட்டு எப்போதும் ஆட்கள் நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

மழை விட்ட சமயத்தில் வண்டி இழுக்காமல் திணறியது. மந்தாரக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டினார். அடியில் சாம்பல் நிறத்தில் சேறு.

"அண்ணே, டேங்க் வழியாத் தூசி எறங்குது. பாத்து மூடி வைங்க," என்றார். சுத்தம் செய்து மாட்டியதும் வண்டி ஒழுங்காக ஓடியது. வீட்டுக்கு வந்து இதை என் மனைவியிடம் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் எதையும் திறந்து வைக்கிற பழக்கமே கிடையாது. குடத்துக்குத் துணி கட்டுவோம், டம்ளரைக் கவிழ்த்து வைப்போம், டிவிக்கு உறை போடுவோம். சுரங்கத் தூசி ஒரு பக்கம், நான் உடம்பில் கொண்டுவருகிற சாம்பல் ஒரு பக்கம். அப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறவள் சும்மா இருப்பாளா? பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அதில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. குழாய் ஒழுகினால் அடைக்கிற பசை வீட்டில் இருந்தது. அதை உருட்டி ஓட்டையில் அப்பிக் காயவைத்துவிட்டாள்.

"ஏங்க, இங்க பாருங்க. மூடியிலயே ஓட்ட இருக்குது. அது வழியாத்தான் தூசி பூந்துகினு இருந்துருக்கு. நான் அடச்சிட்டேன்," என்றாள்.

"கெட்டிக்காரிடி நீ," என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் வண்டி பாதி வழியில் நிற்க ஆரம்பித்தது. வீட்டில் ஒரே உதையில் கிளம்பும். நன்றாக ஓடும். சுரங்கத்து மண்மேடு கண்ணில் படுகிற இடத்தில் இரண்டு தடவை இழுத்து இழுத்து விட்டுச் செத்துப்போகும். நான் இறங்கி மூடியைத் திறப்பேன். புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். உள்ளே பெட்ரோல் தளும்பிக்கொண்டிருக்கும். மூடிவிட்டு, வண்டியைச் சாய்த்து நாலு குலுக்குக் குலுக்கி உதைத்தால் கிளம்பிவிடும். குலுக்கியதால்தான் கிளம்புகிறது என்று நினைத்தேன். சில நாள் ஆத்திரத்தில் திறந்துகூடப் பார்க்காமல் உதைத்துக்கொண்டே இருப்பேன். அன்றைக்கு வண்டி அசையவே அசையாது. அப்படித்தான் முதல் தடவை லேட்டானேன்.

மெக்கானிக் பெட்ரோல் டியூபை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதினார். மிதவையைச் சரி செய்தார். எல்லாம் தீர்ந்ததும், "பெட்ரோலே சரியில்லண்ணே. இப்ப என்னென்னவோ கலக்குறாங்க," என்றார். ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். பிறகு கடைத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "குதிர மாதிரி போவுது, எடுத்துக்கினு போங்க," என்பார்.

"உன் கடை வாசல்ல நல்லாத்தான்யா போவுது. என் ஷிப்ட்டுக்குத்தான் போவ மாட்டேங்குது," என்று கத்தினேன். அவர் சிரித்தார். மறுவாரம் இரண்டாவது தடவையும் லேட்டானேன்.

என் மனைவி எலுமிச்சம்பழம் வாங்கி வந்து சக்கரத்தில் வைத்து நசுக்கச் சொன்னாள். "கண்ணு பட்டுருக்குங்க," என்றாள். இந்த வண்டியைப் பார்த்துக் கண் வைக்கிறவன் எவ்வளவு தரித்திரம் பிடித்தவனாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த மாதத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது தடவைக்கு முந்தின சாயங்காலம் பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப்பையே புதிதாக மாற்றினோம். விடியற்காலையில் கிளம்பினேன். அதே இடத்தில் நின்றது. மூடியைத் திறந்தேன், குலுக்கினேன், உதைத்தேன், கிளம்பியது; கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. இந்தத் தடவை ஆத்திரத்தில் மூடியைத் திறக்காமலேயே உதைத்துக்கொண்டிருந்தேன்; அசையவில்லை. தள்ளிக்கொண்டு ஓடினேன். கம்பெனி பஸ் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. ஜன்னல் ஓரத்தில் ஒருவர் தூங்கிக்கொண்டு போனார். அவர் மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி மாளாது.

கேட்டில் சூப்பர்வைசர் எனக்காகவே நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"சார், வண்டி..." என்றேன்.

"ஒன் வண்டிக் கதையை எத்தனை தடவைப்பா கேக்குறது? பாஸைக் குடு."

 அவர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்திலிருந்து பாஸைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கேட்டிலேயே மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உதைத்ததும் கிளம்பிய சனியன், திரும்பி வருகிற வழியில் மறுபடியும் நின்றது. மூடியைப் பிடுங்கினேன். அதே புஸ். "நாசமாப் போ," என்று கத்திக்கொண்டே மூடியை வாய்க்காலில் வீசி எறிந்தேன். அப்புறம்தான் டேங்க் திறந்து கிடப்பது உறைத்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து டேங்க் வாயில் செருகிக்கொண்டு உதைத்தேன். வண்டி கிளம்பியது. வீடு வரைக்கும் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

வாசலில் வண்டியை விட்டு இறங்காமலேயே உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டால் எண்ணெய் வராது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டுக் காற்றுக்கு வழி விட வேண்டும். பலசரக்குக் கடையில் இதைப் பார்க்காதவன் உண்டா? மேலே காற்று போகாமல் கீழே பெட்ரோல் எப்படி இறங்கும்? அந்த ஓட்டை அதற்காகத்தான் இருந்திருக்கிறது. மூடியைத் திறந்த ஒவ்வொரு தடவையும் காற்று உள்ளே போய் வண்டி பிழைத்திருக்கிறது. மெக்கானிக் கடையிலும் அதுதான் நடந்திருக்கிறது.

என் மனைவி வெளியே வந்தாள்.

"என்னங்க, இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க?"

"ஷிப்ட்ட மாத்திட்டாங்க."

"மூடி எங்க?"

"வழியில விழுந்துட்டுது."

"அய்யய்யோ, அவ்ளோ பாடுபட்டு அடச்சி வச்சிருந்தேனே," என்றாள்.

எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும். அன்றைக்கு அவள் மேல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவளிடம் எதைச் சொல்வது? ஓட்டையைப் பற்றிச் சொன்னால் வேலை போனதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் சொல்லவில்லை.

ஓட்டை உள்ள வேறு மூடி ஒன்றை வாங்கிப் போட்டேன். தினமும் விடியுமுன் அவள் சோறு கட்டிக் கொடுப்பாள். நான் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். ஒவ்வொரு கான்ட்ராக்ட்காரர் ஆபீஸாகப் போய் நிற்பேன். அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். கட்டி வந்த சோற்றை ஏதாவது மரத்தடியில் தின்றுவிட்டு, ஷிப்ட் விடும் நேரத்துக்கு வீடு திரும்புவேன்.

ஒரு நாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் பக்கத்துத் தெருக்காரன் ஒருவன் கையைக் காட்டினான். ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். பல மாதமாக வேலையில்லாமல் இருந்தவன். வண்டியை நிறுத்தினேன்.

"அண்ணே, வேலைக்குத்தானே போறீங்க? என்னையும் ஏத்திக்கினு போங்கண்ணே. சாம்பல் வேலையில எடுத்துருக்காங்க. இன்னிக்குத்தான் மொத நாளு. பஸ்ஸுக்கு நின்னா லேட்டாயிடும் போலிருக்கு."

"ஏறிக்க," என்றேன்.

வண்டி நல்ல வேகத்தில் போனது. அவன் பின்னாலிருந்து சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தான்.

"யாரோ ஒருத்தன் தெனமும் லேட்டா வந்துகினு இருந்தானாம். பாஸப் புடுங்கிட்டாங்களாம். அந்த எடந்தான் எனக்குக் கெடச்சிது. உங்களுக்குத் தெரியுமாண்ணே, அது யாருன்னு?"

"தெரியாது," என்றேன்.

எங்கேயும் நிற்காமல் கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஷிப்ட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் இறங்கிப் புதுப் பாஸைச் சட்டைக்கு வெளியே எடுத்து விட்டுக்கொண்டான். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

"நீங்க வரலியாண்ணே?"

"நீ போ," என்றேன். "லேட்டானா உள்ள விட மாட்டாங்க."