தவறிய நாள்களின் கணக்கு

எழுபதுகளின் நடுவில் நான் ஆராய்ச்சி மாணவி. காலை ரயிலில் நான் தாம்பரத்தில் ஏறுவேன். சிட்லபாக்கத்தில் குடியிருந்த எங்கள் பேராசிரியர் அடுத்து சானடோரியத்தில் ஏறுவார். பாலம் கட்டுவதைப் போலவே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவதற்கும் முறை வேண்டும் என்று சொல்லி, அதற்காகவே ஐந்து பேர் கொண்ட குழுவை நடத்திவந்தார். அந்தப் பேச்சே அன்று புதிது.

நகரத்து மருத்துவமனை ஒன்றுக்காக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். புற்றுநோயாளிகளுக்குத் தினமும் எத்தனை நேரம் கதிர் வைக்க வேண்டும் என்று அது கணக்கிட்டுத் தாளில் அச்சடிக்கும். மூன்று வாரமாக அதை வைத்துத்தான் சிகிச்சை நடந்துவந்தது.

ஒரு திங்கட்கிழமை பேராசிரியர் ரயிலில் ஏறும்போதே முகம் சரியில்லை. புரோகிராமின் அச்சுப் பிரதி மடியில் இருந்தது. பல்லாவரம் தாண்டியதும் கேட்டார்.

"நோயாளி ஒருநாள் வரலைன்னா என்ன ஆகும்?"

"மறுநாள் தொடரும் சார்."

"தொடரலைம்மா. விட்டுப்போன நாளோட நேரத்தையும் சேர்த்துக்குது."

அந்தப் பகுதியை எழுதியவள் நான். வராத நாளுக்கு நான் சோதித்துப் பார்க்கவே இல்லை.

துறை அலுவலகத்தில் சொன்னபோது, அடுத்த வாரம் அமைச்சர் பார்வையிட வருகிறார், அதுவரை இதைப் பற்றிப் பேசாதீர்கள் என்றார்கள். பேராசிரியர் வெளியே வந்து நேராக மருத்துவமனைக்குப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் முதலில் நம்பவில்லை. பழைய தாள்களை எடுத்து மூவரும் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லோரும் நாள் தவறாமல் வந்திருந்தார்கள். ஒருவரைத் தவிர.

கோவளம் குப்பத்தில் மீன் விற்கும் பெண் அவர். நாற்பது வயது இருக்கலாம். கழுத்தில் தோல் கறுத்து வெடித்திருந்தது.

"நடுவுல நாலு நாள் வர முடியலம்மா. நல்லா மீன் பட்ட நேரம். வுட்டதுக்கெல்லாம் சேத்துத்தான் அன்னிக்கு அம்மாம் நேரம் வெச்சாங்கோன்னு நெனச்சுகினேன்" என்றார். எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

அன்றே அந்தப் புரோகிராமை நிறுத்தினார்கள். பேராசிரியர் அறிக்கை எழுதினார். தவறு முழுவதும் தன்னுடையது என்றிருந்தது.

"சார், அது நான் எழுதினது."

"தெரியும். படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தானே? நீங்க உங்க தீசிஸை முடிங்க."

நான் மறுக்கவில்லை. ஒரு மாதத்தில் குழுவைக் கலைத்தார்கள். அவரை முதலாண்டு மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள். நான் வேறொருவரிடம் ஆய்வை முடித்தேன்.

மழைக்காலம் முடிந்தபோது மீன் விற்கும் அந்தப் பெண் மருத்துவமனைக்கு வருவது நின்றுபோனது. விலாசம் வாங்கிக்கொண்டு இருவரும் கோவளத்துக்குப் பஸ் ஏறினோம். குடிசை வாசலில் மகள் நின்றாள்.

"அம்மா பூட்சி சார். மாசம் ஒண்ணாவுது."

நோய் கொண்டுபோனதா, எங்கள் தாள் கொண்டுபோனதா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. பேராசிரியர் மகளிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தவறு தன்னுடையது என்று கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அவள் அவரையே வெறித்துப் பார்த்துவிட்டு, "இந்தம்மா யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

"என் மாணவி" என்றார் அவர்.

நான் வாயைத் திறக்கவில்லை.