ஐந்து அங்குலம் இறங்க ஐம்பத்தொரு கிலோமீட்டர்

காலை 5.10, பாளையங்கோட்டை. கிளம்பும்போதே சண்டை.

"ஒரு கம்பிக்குப் பதினோராயிரத்து ஐந்நூறா? ஏட்டி, எஞ் சைக்கிளே ஒம்பதாயிரந்தான்" என்று ஆரம்பித்துவிட்டான் சுடலை. சுடலை என் சித்தி மகன். என்னைவிட எட்டு மாதம் சின்னவன். அக்கா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

அவன் கம்பி என்றது என் மலைச் சைக்கிளில் புதிதாக மாட்டியிருக்கும் டிராப்பர் போஸ்ட்டை. சீட்டைத் தாங்கும் குழாய்தான் அது. ஆனால் ஹேண்டிலில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு லீவர் உண்டு. அதை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் சீட்டு ஐந்து அங்குலம் கீழே போகும். எழுந்து மறுபடி அமுக்கினால் டொப்பென்று மேலே வந்து நிற்கும். ஓடுகிற வண்டியை நிறுத்தவே வேண்டாம். சமதளத்தில் மிதிக்க சீட்டு உயரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முட்டி போய்விடும். சரிவில் இறங்கும்போது அதே உயரம்தான் ஆளைக் கவிழ்க்கும். உடம்பைப் பின்னால் தள்ள இடம் இருக்காது. சீட்டு முதுகுக்குக் கீழே ஒரு முட்டு முட்டி, ஹேண்டிலைத் தாண்டித் தூக்கிப் போடும்.

என்னைத் தூக்கிப் போட்டது. ஆழ்வார்குறிச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு பொத்தை. எங்கள் ஊர்ப்பக்கம் சின்னப் பாறைக்குன்றைப் பொத்தை என்போம். அதன் முதுகில் ஆடுகள் இறங்கும் தடம் ஒன்று இருக்கிறது. தை மாதம் அதில் விழுந்து இடது காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கைக்கட்டு. அதன் பிறகு மூன்று தடவை அங்கே போனேன். மூன்று தடவையும் உச்சியில் இறங்கி, போல்ட் தளர்த்தும் சாவியை எடுத்து, சீட்டைக் கையால் தாழ்த்தி, ஒரு நிமிடம் கீழே பார்த்தேன். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டே இறங்கினேன். மூன்றாவது தடவை வந்த எரிச்சலில் சுடலையிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்: டிராப்பர் போட்டு ஒரே ஒரு தடவை பார்ப்பேன், அப்போதும் உருட்டினால் சைக்கிள் உனக்கு.

அந்த ஒரு தடவைதான் இன்றைக்கு. எனவே கம்பி வீண் என்று சொல்ல அவனுக்கு நியாயமான காரணம் இருந்தது.

6.40, சேரன்மகாதேவி. 22 கிலோமீட்டர். ஆனிக் காற்று மேற்கிலிருந்து நேரே முகத்தில் அடித்தது. எனக்குச் சும்மா ஓட்டத் தெரியாது. வேகத்தடைக்கு ஒரு தரம், குறுக்கே வந்த எருமைக்கு ஒரு தரம், ஒன்றும் வராதபோது ஒரு தரம் என்று சீட்டை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தேன். பத்தமடைக்குள் முப்பத்தொன்று வரை எண்ணினேன். ஒரு லாபம் அப்போதே தெரிந்தது. நான் ஐந்தடி ஒரு அங்குலம். உயர்ந்த சீட்டில் இருந்து நிறுத்தும்போதெல்லாம் நொண்டி அடித்துத்தான் குதிப்பேன். இப்போது டீக்கடை முன்னால் லீவரை அமுக்கினேன், இரண்டு காலும் தரையில்.

"நிக்கதுக்கா பதினோராயிரம்?" என்றான் சுடலை. "பஸ்ஸுல வந்திருந்தா இருவத்தஞ்சு ரூவாய்க்கு நின்னுக்கிட்டே வந்திருக்கலாம்."

8.05, அம்பாசமுத்திரம். 38 கிலோமீட்டர். கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது வலது பக்கம் துவைக்கிற சத்தம், இடது பக்கம் மாஞ்சோலை மலை முழுக்க மேகத்துக்குள். நான்கு இட்லி, ஒரு வடை. ஐந்தாவது இட்லி வேண்டாம் என்றேன். "பயந்துட்டா" என்று பரிமாறியவரிடம் அறிவித்தான் சுடலை. அது உண்மைதான்.

9.10, ஆழ்வார்குறிச்சி. 48 கிலோமீட்டர். ஊருக்குள் நுழையும் இடத்தில் உடைமுள் ஏறி பின் சக்கரம் பஞ்சர். நல்லவேளை, நூறடியில் ஒரு சைக்கிள் கடை. வேப்பமரத்தில் பழைய டயர்கள் தொங்க, கீழே தண்ணீர்ச் சட்டியோடு ஒரு அண்ணாச்சி. என் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"சைக்கிள்தானா இது தாயி? டயரு டிராக்டர் மாதிரிலா இருக்கு."

"மலைச் சைக்கிள் அண்ணாச்சி."

"மலையில எவன் சைக்கிள் ஓட்டுதான்? பைய நடந்து போனா மலை கோவிச்சுக்கிடுமா?"

பஞ்சர் ஐம்பது ரூபாய். அவர் டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி தேடும் நேரத்தில், உட்கார முடியாமல் நான் எதிர்க்கடைக்கு டீ வாங்கப் போனேன். திரும்பி வரும்போது வண்டி தயாராகச் சாய்ந்து நின்றது.

10.00, பொத்தை உச்சி. 51 கிலோமீட்டர். ஏறுகிற பக்கம் மண்பாதை, கடைசி இருநூறு மீட்டர் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். மேலே பனை இரண்டு. கீழே நெல்வயல், அதற்கப்பால் கடனாநதி ஓரத்துத் தென்னைகள். தடம் மொத்தம் எண்பது மீட்டர்தான் இருக்கும். நடுவில் மூன்று படிபோல் உடைந்த பாறை. நான் விழுந்தது இரண்டாவதில்.

திட்டம் எளிது. நிற்கக் கூடாது. பனையைச் சுற்றி வந்து, அப்படியே லீவரை அமுக்கி, அப்படியே இறங்குவது. ஏறினேன், பனையைச் சுற்றினேன், அமுக்கி உட்கார்ந்தேன்.

சீட்டு இறங்கவில்லை.

பிரேக்கைப் பிடித்துக் குதித்தேன். நின்று மறுபடி அமுக்கினேன். முழு எடையோடு ஏறி உட்கார்ந்தேன். கல்லுப்போல் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலையிலிருந்து எழுபது தடவையாவது இறங்கிய சீட்டு. கடைசி மூன்று கிலோமீட்டர் மட்டும் பயத்தில் லீவரைத் தொடவில்லை.

சுடலை தண்ணீர் குடித்தான். மூடியைத் திருகினான். என் சைக்கிளை ஒரு தடவை பார்த்தான், அழகான நீலம் அது. பிறகு சொன்னான்:

"போல்ட்டைப் பாருட்டி."

"எந்த போல்ட்டு?"

"குழாய் உள்ள போவுத எடத்துல இருக்குல்லா. அண்ணாச்சி சீட்டைப் புடிச்சு ஆட்டிப் பார்த்தாரு, லேசா ஆடுச்சு. நெஞ்சுல முட்டுக் குடுத்து முறுக்கு முறுக்குன்னு முறுக்கிட்டாரு. நீ டீக்கடையில இருந்த."

டிராப்பரில் சீட்டு பக்கவாட்டில் ஒரு இம்மி ஆடும். அதன் பிறவிக் குணம் அது. அந்தப் போல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் வெளிக்குழாய் நசுங்கி உள்குழாயைப் பிடித்துக்கொள்ளும். சாவியை எடுத்துக் கால் சுற்று தளர்த்தினேன். லீவரை அமுக்கிக் கை வைத்தேன். வெண்ணெய்போல் இறங்கியது.

ஆனால் இப்போது நான் நின்றுவிட்டேன். கையில் சாவி, எதிரில் சரிவு. அப்படியே பழைய மூன்று தடவை மாதிரி. பயம் வருவது சீட்டு உயரத்தால் இல்லை, அதை இறக்க எடுக்கும் இந்த இரண்டு நிமிடத்தில்தான் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. டிராப்பருக்குக் கொடுத்த காசு அந்த இரண்டு நிமிடத்தைத் தாண்டிப் போகத்தான். அந்த நிமிடங்களை அண்ணாச்சி எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எலே, அந்த போல்ட்டு விஷயத்தை நீ சொல்லாம இருந்திருக்கலாம்லா?"

"இருந்திருக்கலாம்" என்றான். "போவுதியா, இல்ல சைக்கிளக் குடுக்கியா?"

ஏறினேன். முதல் படியில் உடம்பைப் பின்னால் போட்டேன். போட இடம் இருந்தது. இரண்டாவது படியில் சீட்டு முட்டும் என்று முதுகு காத்திருந்தது, முட்டவில்லை. மூன்றாவது எப்போது வந்தது என்று தெரியாது. கீழே நின்ற இரண்டு ஆடுகள் விலகிப் போயின. லீவரை அமுக்கினேன். டொப்.

வாக்கு ஒரு தடவைக்குத்தான். நிறுத்த மனசு வரவில்லை எனக்கு. மறுபடி தள்ளிக்கொண்டு ஏறி, இந்தத் தடவை பனையைச் சுற்றி நிற்காமலே இறங்கினேன். பிறகு இன்னொரு தடவை. நாலாவது தடவைக்குத் திரும்பியபோது "எனக்குப் பசிக்கி!" என்று உச்சியிலிருந்து கத்தினான் சுடலை.

11.30, மறுபடி அண்ணாச்சி கடை. விஷயத்தைச் சொன்னேன்.

"சீட்டு ஆடுச்சு தாயி. நம்ம கடைக்கு வந்த வண்டி சீட்டு ஆடிக்கிட்டு வெளிய போவக் கூடாதுல்லா."

"இது ஆடத்தான் செய்யும் அண்ணாச்சி. பதினோராயிரத்து ஐந்நூறு ரூவாய்."

"ஆடுத சீட்டுக்கா அம்புட்டுத் துட்டு?" என்றார். பிறகு கையைத் துடைத்துவிட்டு லீவரை அமுக்கிப் பார்த்தார். ஏற்றினார், இறக்கினார். பஞ்சருக்கு வந்து நின்ற ஒருவர் இரண்டு தடவை இருமிய பிறகுதான் விட்டார்.

திரும்பும் வழிக்கு என் சைக்கிளைச் சுடலையிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தேன். அவனுடையது எனக்கு உயரம். அண்ணாச்சியே சீட்டை இறக்கி, நெஞ்சில் முட்டுக் கொடுத்து முறுக்கித் தந்தார். வீடு வரை அது இம்மியும் அசையவில்லை.

டிராப்பர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பாளையங்கோட்டையிலிருந்து ஆழ்வார்குறிச்சி வரை சமதளம்தான், அதற்கு வேண்டாம். கையில் சாவியோடு சரிவின் உச்சியில் நிற்கிற ஆளாக நீங்கள் இருந்தால் வாங்குங்கள். போல்ட்டை நீங்களே இறுக்குங்கள்.

மாலை 3.20, பத்தமடை. பின்காற்று. எனக்கு முன்னால் சுடலையின் தலை தார்ச்சாலையில் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. பள்ளமும் இல்லை, எருமையும் இல்லை.

"எப்படில இருக்கு?" என்று கத்தினேன்.

"வேஸ்ட்டு" என்றான் திரும்பாமல். ஏறினான். "சுத்த வேஸ்ட்டுட்டி." இறங்கினான்.