வயது ஏறிய கோப்புகள்

1999இல் வெள்ளவத்தையில் ஒரு தமிழ்ப் பெண்ணின் சரியான வயது வீட்டாரைத் தவிர இரண்டு பேருக்குத்தான் தெரியும்: அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கும் சோதனைச் சாவடிப் பொலிஸ்காரருக்கும், சாதகம் கணித்த சாத்திரியாருக்கும். மூன்றாவது ஆள் ஜெகதீஸ்வரி. சிவபாதசுந்தரத்தாரின் திருமண சேவை நிலையத்தில் எட்டு வருடமாக விபரங்களை அடிப்பவள் அவள்தான்.

முதல் வருடமே சம்பள உயர்வு கேட்டாள். அவர் யோசித்துவிட்டு அவளையும் இலவசமாகப் பதிந்துகொண்டார். வயது இருபத்தொன்பது. அன்றைக்கு அது உண்மை. பழைய கொம்பியூட்டரில் வயது கையால் அடித்த இலக்கம். அடித்த இடத்திலேயே கிடக்கும். சண்டையில் பெண்களின் முகவரி சுன்னாகத்திலிருந்து சாவகச்சேரிக்கும், அங்கிருந்து வெள்ளவத்தை லொட்ஜுக்கும் மாறியது. வயது மட்டும் அசையவில்லை.

பிறகு புதுக் கொம்பியூட்டர் வந்தது. கோப்புகளை அதற்கு மாற்றித் தந்த ஷிப்லி, பிறந்த திகதியைப் பார்த்து வயதை அதுவே கணக்கிடும்படி செய்துவிட்டுப் போனான். வயதைக் குறைத்துச் சொன்ன பெற்றோர்கூடச் சாதகப் பொருத்தத்துக்கென்று பிறந்த திகதியைச் சரியாகத்தான் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரைச் சமாளிக்கலாம், சனியனைச் சமாளிக்க முடியுமா? ஆக, ஒரே காலையில் முந்நூறு பேருக்கு வயது ஏறிவிட்டது.

"பிழை எல்லாத்தையும் திருத்திப்போடு பிள்ளை," என்றார் சிவபாதசுந்தரத்தார்.

எது பிழை என்று அவள் கேட்கவில்லை. மூன்று நாள் இருந்து, பழைய வயதைக் கையால் அடித்து ஒவ்வொருவருக்கும் இளமையைத் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் இரண்டு கோப்புகள் மிஞ்சின. ஒன்று அவளுடையது: முப்பத்தேழு. மற்றது கனடா ரொறன்ரோவில் இருக்கும் மாப்பிள்ளை நவரத்தினம்: பழையதில் முப்பத்தைந்து, புதியதில் நாற்பத்துமூன்று. எட்டு வருடமாகப் பெண்களைத் தட்டிக்கழித்துவந்த அவருடைய தாய் இரத்தினம்மா, அன்று பின்னேரம் ஜெகதீஸ்வரியின் விபரத்தைப் பார்க்க வருவதாக இருந்தது.

போன வருடம் அவளுக்குச் சுவிஸ் சம்பந்தம் ஒன்று முற்றாகி, விசாவுக்குக் கொடுத்த கடவுச்சீட்டுப் பிரதியில் மாப்பிள்ளை வீட்டார் வயதைப் பார்த்தவுடன் குழம்பியது. இன்னொரு தடவை அப்படி நிற்க அவளால் ஏலாது. இரண்டு கோப்பையும் திருத்தாமலே அச்செடுத்தாள்.

இரத்தினம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிவபாதசுந்தரத்தார் எட்டிப் பார்த்து, புது மெசின், இன்னும் சரியாகப் பழகவில்லை என்றார்.

"அப்ப என்ர மகன்ர வயசும் பிழையோ?"

"இல்லையம்மா," என்றாள் ஜெகதீஸ்வரி. "ரெண்டும் சரி."

இரத்தினம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. "ஆறு வயசு. வித்தியாசம் நல்லாத்தான் கிடக்கு," என்றார். பிறகு கோப்பிலிருந்த படத்தைத் தூக்கிப் பிடித்து, இதுவும் பழசோ என்று விசாரித்தார்.

"ஓம். அதுதான் முன்னால இருக்கிறனே, பாருங்கோ."

கிழவி பார்த்தார். பார்த்துவிட்டு, கைப்பையின் அடியிலிருந்து மகனின் புதுப் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். பனிக்குள் ஒரு கார், பக்கத்தில் முன்மயிர் கொட்டிய ஒரு மனிதர். கெட்ட முகமில்லை.

"அவரோட நான் ஒருக்காக் கதைக்கவேணும். நம்பரைத் தாங்கோ."

இரத்தினம்மா எழுதிக் கொடுத்தார். எழும்பும்போது குரலைத் தாழ்த்தி, இனசனத்துக்குக் காட்டுவதற்குப் பழைய வயதோடு இரண்டு தாள் வேண்டும் என்றார். ஜெகதீஸ்வரி உடனே அடித்துக் கொடுத்தாள். மூன்று நாளில் கை நன்றாகப் பழகியிருந்தது.