இரண்டு தொண்ணூற்றிரண்டு

போன வாரம் திருச்சியில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். பைக்குள் ஒரு மனு. மனு என்றால் சும்மா இல்லை... மூன்று பக்கம்!

மகள் மீரா சி.பி.எஸ்.இ. ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கில் 92. பி.எஸ்ஸி. கணிதம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அந்தக் கல்லூரியிலோ எந்த போர்டாக இருந்தாலும் வந்த மார்க்கை அப்படியே எடுத்து ரேங்க் போடுகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டேட் போர்டு 92-ம் எங்கள் 92-ம் ஒன்றா? எந்தப் பள்ளி மார்க் என்று பார்க்க வேண்டாமா? இதைத்தான் எழுதி, ஸ்ரீரங்கத்தில் நாலு பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன்.

வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் மருங்காபுரி விவசாயி ஒருவர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். மகள் அபிநயா, அரசுப் பள்ளி. மீராவும் அவளும் அதற்குள் தூண் ஓரமாக நின்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"கணக்குல எவ்வளவுங்க?" என்றேன்.

"தொண்ணூத்திரெண்டு சார். அரைப்பரீட்சை வரைக்கும் கணக்கு டீச்சரே இல்லைங்க. அதுவா புக்கை வச்சுப் போட்டுப் பாத்துச்சு."

மீராவுக்குப் பள்ளியில் ஒரு ஆசிரியை, டியூஷனில் ஒருவர், வீட்டில் நச்சரிக்க நான் ஒருவன். பள்ளியைப் பார்த்து எடை போடுங்கள் என்பதுதானே என் மனு? போட்டால் தட்டு எந்தப் பக்கம் இறங்கும்? மனுவைப் பையின் அடியில் தள்ளினேன்.

அவர் பேச்சு சுவாரஸ்யத்தில் இருந்தார். "ஸ்கூல்ல சேக்கறப்ப வயசு பத்தலைங்க. செப்டம்பர்ல பொறந்த புள்ளையை மே மாசம்னு போட்டுச் சேத்துக்கிட்டாரு ஹெட்மாஸ்டர்" என்று சிரித்தார். நம் பக்கம் இது அபூர்வமா என்ன? நானும் சிரித்தேன்.

அரை மணி நேரத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் இரண்டு குடும்பத்தையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். காலை ஷிஃப்ட் கணிதத்தில் ஒரே ஒரு சீட்தான் பாக்கி. மீராவுக்கும் அபிநயாவுக்கும் மொத்த மார்க் சமம், கணக்கும் சமம். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்!

"ஒருத்தருக்கு மதிய ஷிஃப்ட்ல தரலாம். அது சுயநிதி, ஃபீஸ் அதிகம்" என்றார் அட்மிஷன் பார்த்த பேராசிரியை.

"மதியம்னா நம்மளால கட்ட முடியாதுங்க மேடம். புள்ளையைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடுவேன்" என்றார் மருங்காபுரிக்காரர். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பேராசிரியை சர்டிஃபிகேட்டுகளைப் புரட்டினார். "மார்க் சமமா இருந்தா வயசுல மூத்தவங்களுக்குத்தாங்க சீட்." மீரா பிறந்தது ஜூலை. காகிதத்தில் அபிநயா அதே வருஷம் மே.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நியாயமாகப் பார்த்தால் சீட் என் மகளுடையது. வாயைத் திறந்தும் விட்டேன்...

"குடிக்கத் தண்ணி எங்க இருக்குங்க?"

வருத்தமில்லையா என்றால், இருந்தது. மீராவை மதிய ஷிஃப்டில் சேர்த்துவிட்டு வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் அவளே ஆரம்பித்தாள்.

"அப்பா, அபிநயா நிஜமா பொறந்தது செப்டம்பராம்."

தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்ப தெரியும்?"

"உள்ள கூப்பிடறதுக்கு முன்னாடியே. அவதான் சொன்னா."

"அப்புறம் ஏன்டி மேடம்கிட்ட சொல்லல?"

மீரா ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். "அவங்கப்பா உங்ககிட்ட சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. நீங்க ஏன்ப்பா தண்ணி கேட்டீங்க?"

எனக்கு மறுபடியும் தாகமெடுத்தது.